அடையாளக் குறியும் நம்பகத்தன்மையும்: திருமலை வட்டாரம் தரும் படிப்பினைகள்

ஒரு பொருளைப் பற்றி விற்பவர் அறிந்திருக்கும் அளவுக்கு வாங்குபவர் அறிந்திருப்பதில்லை. வாணிபத்தின் மிகப் பழைய இடர்ப்பாடுகளுள் இதுவும் ஒன்றாகும். இந்த இடைவெளியைக் குறைப்பதற்காகவே அரசுகள் காலந்தோறும் அடையாளக் குறிகளை ஏற்படுத்தி வந்துள்ளன. வேளாண் விளைபொருள்களுக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ‘அக்மார்க்’, தொழிற்பொருள்களுக்கான ‘ஐ.எஸ்.ஐ.’, தங்க நகைகளுக்கான ‘ஹால்மார்க்’, உணவுப் பொட்டலங்களில் காணப்படும் பச்சைப் புள்ளி ஆகியவை நாடறிந்தவை.

அண்மை ஆண்டுகளில் இதே இடர்ப்பாடு புதியதொரு துறையில் எழுந்துள்ளது. 2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தபின், கட்டுரை, படம், குரல், காணொளி ஆகியவற்றை மிகக் குறைந்த செலவில் உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எங்கும் பரவியுள்ளன. திரையில் காண்பது மனிதர் ஆக்கியதா, கருவி ஆக்கியதா என்பதைப் பயனாளர் அறியும்வண்ணம் குறியிட வேண்டும் என்னும் கொள்கை பல நாடுகளில் சட்ட வடிவம் பெற்றுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில் இக்கடமை இடம்பெற்றுள்ளது. சீனாவில் இதற்கான விதிகள் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இந்திய விதிகள் 2026 பிப்ரவரி 20 முதல் செயற்படுகின்றன.

குறியிட வேண்டும் என்பது முடிவானபின், எத்தகைய குறி நம்பத்தக்கது என்பதே அடுத்த வினாவாகும். இவ்வினாவுக்கு விடை காண உதவும் இரண்டு பழைய அனுபவங்கள் திருமலையைச் சூழ்ந்த வட்டாரத்தில் உள்ளன. ஒன்று, திருக்காளத்தியின் கலம்காரித் துணி. மற்றொன்று, திருமலைக் கோயிலின் சங்கீர்த்தனச் செப்பேடுகள். இவ்விரண்டும் சித்தூர் மாவட்டத்திலிருந்தும் நெல்லூர் மாவட்டத்திலிருந்தும் பகுதிகளைப் பிரித்து 2022 ஏப்ரலில் அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தவை.

கையால் வரைந்ததும் பொறியால் அச்சிட்டதும்

ஸ்ரீகாளஹஸ்தி எனவும் வழங்கப்படும் திருக்காளத்தியில், பருத்தித் துணியின்மீது மூங்கில் கோலால் ஓவியம் தீட்டும் கலை வழிவழியாக நிலவி வருகிறது. துணி முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்க்கப்படுகிறது. இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் ஊறவைத்துப் பெறும் கருஞ்சாயத்தால் கோடுகள் வரையப்படுகின்றன. படிகாரமும் தாவரச் சாயங்களும் நிறங்களை அளிக்கின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே துவைத்தலும் உலர்த்தலும் தேவைப்படுகின்றன. ஒரு சேலை முடிவுற வாரக்கணக்கில் உழைப்பு வேண்டும். நலிவுற்றிருந்த இக்கலை, விடுதலைக்குப் பின் கமலாதேவி சட்டோபாத்யாய அவர்களும் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியமும் எடுத்த முயற்சியால் 1950களில் புத்துயிர் பெற்றது.

இதே ஓவியங்களைத் திரை அச்சாலும், பிற்காலத்தில் கணினி அச்சாலும் துணியில் பதிக்கும் முறை பரவியபோது, தோற்றத்தில் ஏறக்குறைய ஒத்த துணிகள் சில மணி நேரத்தில் உருவாயின. அவையும் ‘கலம்காரி’ என்னும் பெயரிலேயே அங்காடிக்கு வந்தன. இத்தகைய சூழ்நிலையின் விளைவை ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970இல் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கினார். இரு வகைப் பொருள்களையும் வேறுபடுத்தி அறிய இயலாத வாங்குபவர், இரண்டுக்கும் பொதுவான ஒரு நடுத்தர விலையையே தர முன்வருவார். அவ்விலை அச்சுத் துணியை விற்பவருக்கு மிகுந்த ஆதாயமளிக்கும். கையால் வரைபவருக்கோ கூலிக்கும் போதாது. காலப்போக்கில் தரமான பொருளை ஆக்குபவரே அங்காடியை விட்டு விலக நேரிடும். இந்த ஆய்வுக்காக அவருக்கு 2001இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கைவினைஞர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் பொருட்டு, புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி 2005–06இல் பதிவு செய்யப்பட்டது. மரக்கட்டை அச்சு முறையில் உருவாகும் மசூலிப்பட்டினம் கலம்காரி தனிக் குறியீடாகப் பின்னர்ப் பதிவாயிற்று. இதில் நுட்பமான ஒரு செய்தி அடங்கியுள்ளது. இரண்டனுள் எது உயர்ந்தது என்று சட்டம் கூறவில்லை. எது எம்முறையில், எவ்விடத்தில் ஆக்கப்பட்டது என்பதை மட்டுமே அது வரையறுக்கிறது. குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

எனினும் பதிவு ஒன்றே பாதுகாப்பாகிவிடாது. குறியீட்டின் பயனைப் பெறக் கைவினைஞர் தம்மை அதிகாரப்பூர்வப் பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். தொலைதூர நகரக் கடையொன்றில் பொய்ப் பெயரில் விற்கப்படும் துணியைக் கண்டறிந்து வழக்குத் தொடுக்கும் வசதி தனியொரு ஓவியருக்கு இல்லை. மெய்ப்பிக்கும் சுமை நேர்மையானவர்மீதே விழுமானால் குறியால் விளையும் பயன் சுருங்கிவிடும் என்பது இங்குக் கிடைக்கும் முதற் படிப்பினையாகும்.

செப்பேடு காத்த சான்று

தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) திருவேங்கடமுடையான்மீது 32,000 சங்கீர்த்தனங்கள் இயற்றினார் என்பது மரபு. அவற்றுள் 12,000க்கும் மேற்பட்டவை இன்று கிடைத்துள்ளன. பாடல்களில் ‘வேங்கடேச’ என்னும் பெயர் முத்திரையாக அமைந்துள்ளது. அவருடைய மகன் பெத்த திருமலாச்சாரியாரும் பெயரன் சின்ன திருமலாச்சாரியாரும் சங்கீர்த்தனங்கள் இயற்றியுள்ளனர். அவர்களும் அதே முத்திரையைக் கையாண்டனர். ஆகவே பாடலுக்குள் இருக்கும் முத்திரையை மட்டும் கொண்டு, அது மூவருள் எவருடையது என்று துணிய இயலாது.

அந்த வேறுபாட்டைக் காத்துத் தந்தவை செப்பேடுகளே. 16ஆம் நூற்றாண்டில் இப்பாடல்கள் செப்புத் தகடுகளில் பொறிக்கப்பட்டு, திருமலைக் கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் எனப்படும் அறையில் வைக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் இவை மீண்டும் கவனத்துக்கு வந்தபோது, சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய அறிஞர்கள் அவற்றைப் படித்துப் பதிப்பித்தனர். ஒரு பாடலில் முத்திரைச் சொல்லை எவரும் எக்காலத்திலும் சேர்த்துவிடலாம். ஆனால் ஆக்கியோர் குடும்பத்தினர் பொறித்து, கோயில் தன் காவலில் வைத்திருந்த பதிவேட்டில் புதியதொரு பாடலைப் பிற்காலத்தில் நுழைப்பது எளிதன்று. பொருளின்மேல் இடப்படும் குறியைவிட, அப்பொருளுக்கு வெளியே நம்பத்தக்கதோர் அமைப்பு காத்துவரும் பதிவே வலிமையான சான்று என்பது இரண்டாவது படிப்பினையாகும்.

செப்பேடுகளிலிருந்து மூன்றாவதாக ஒன்றையும் அறியலாம். அவற்றில் பாடலுக்குரிய ராகத்தின் பெயர் உள்ளது. ஸ்வரக் குறிப்பு இல்லை. எனவே இன்று மேடையில் ஒலிக்கும் மெட்டுகளுள் மிகப் பல, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி முதலிய பிற்கால இசையறிஞர்கள் அமைத்தவை. சொல் ஒருவருடையது, மெட்டு மற்றொருவருடையது, குரல் வேறொருவருடையது. ஆகவே ஓர் ஆக்கத்துக்கு உரியவரைக் குறிப்பிடுகையில், எப்பகுதி எவருடையது எனப் பிரித்துக் கூறுவதே முறையாகும்.

2026ஆம் ஆண்டு விதிகள்

மத்திய மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், 2021ஆம் ஆண்டு இடைநிலையாளர் விதிகளைத் திருத்தி 2026 பிப்ரவரி 10 அன்று அறிவிக்கை வெளியிட்டது. உண்மையான மனிதரையோ நிகழ்ச்சியையோ போலத் தோன்றுமாறு கணினி வழியாக உருவாக்கப்பட்ட அல்லது மாற்றப்பட்ட ஒலி, படம், காணொளி ஆகியவை இவ்விதிகளின் வரம்புக்குள் வருகின்றன. அவற்றில் எளிதில் புலப்படும் குறி இருத்தல் வேண்டும். கோப்பினுள்ளும் அதன் தோற்றத்தைக் காட்டும் தகவல் பதியப்படுதல் வேண்டும். இக்குறிகளை நீக்க இடமளித்தல் கூடாது. 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளர்களைக் கொண்ட பெரிய சமூக ஊடக நிறுவனங்கள், பதிவேற்றுபவரிடம் உறுதிமொழி பெறுவதுடன், அது மெய்யா என்பதைத் தொழில்நுட்ப முறையில் சரிபார்க்கவும் கடமைப்பட்டுள்ளன.

2025 அக்டோபரில் வெளியான வரைவில், குறி திரையின் பரப்பில் குறைந்தது 10 சதவீதம் இருத்தல் வேண்டும் என முன்மொழியப்பட்டிருந்தது. இறுதி விதிகளில் இவ்வளவு கைவிடப்பட்டது. நிறத் திருத்தம், ஒலித் தூய்மை, மொழிபெயர்ப்பு போன்ற வழக்கமான பணிகள், பொருளைத் திரிக்காதவரை, விலக்களிக்கப்பட்டுள்ளன. சரிபார்க்கும் பொறுப்பின் ஒரு பகுதி, வசதி படைத்த நிறுவனங்கள்மீது வைக்கப்பட்டுள்ளமை கலம்காரி அனுபவத்தோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க முன்னேற்றமாகும். வெறும் எழுத்து வடிவிலான ஆக்கங்கள் இந்த வரையறைக்குள் நேரடியாக வரவில்லை என்பதையும் மாணவர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

எஞ்சியுள்ள இடர்ப்பாடுகள்

முதலாவதாக, செயற்கையானவற்றுக்குக் குறியிடத் தொடங்கியபின், குறியில்லாதவை யாவும் உண்மையானவை என்னும் எண்ணம் மக்களிடையே எழக்கூடும். ஏமாற்ற விரும்புபவர் குறியிட மாட்டார். ஒரு படத்தைத் திரைப்பிடிப்பு செய்து மீண்டும் அனுப்பினால் கோப்பினுள் இருந்த தகவல் அழிந்துபோகும். ஆகவே குறியின்மை எதையும் மெய்ப்பிக்காது.

இரண்டாவதாக, ஆக்கத்தைப் பார்த்த அளவில் அது கருவியால் ஆனதா எனக் கூறும் சோதனைக் கருவிகள் பிழைபடக்கூடியவை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, எழுத்தைச் சோதிப்பதற்கென 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவியைத் துல்லியக் குறைவு காரணமாக அவ்வாண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. ஒரு மாணவர் தாமே முயன்று எழுதிய ஆய்வேட்டை இத்தகைய கருவியின் முடிவை மட்டும் கொண்டு தள்ளுபடி செய்தால், குற்றமற்றவர் தண்டிக்கப்படுவார். அவருடைய குறிப்பேடுகள், முன்வரைவுகள், நேர்முக வினாக்களுக்கு அவர் அளிக்கும் விடைகள் ஆகியவற்றையும் ஆராய்ந்தபின் முடிவெடுப்பதே நீதியாகும்.

மூன்றாவதாக, குறி இழிவின் அடையாளமாகிவிடக் கூடாது. பிரிட்டன் 1887இல் இயற்றிய வணிகக் குறிச் சட்டம், அயல்நாட்டுப் பொருள்களில் ஆக்கப்பட்ட நாட்டின் பெயரைப் பொறிக்கச் செய்தது. ஜெர்மானியப் பொருள்களை மக்கள் ஒதுக்க வேண்டும் என்பது அதன் உள்நோக்கமாக இருந்தது. ஆனால் ‘ஜெர்மனியில் செய்யப்பட்டது’ என்னும் சொற்களே நாளடைவில் தரத்தின் அடையாளமாயின. பார்வையற்றோருக்காகக் கருவியின் துணையுடன் உருவாகும் ஒலிநூலும், ஒருவரை ஏமாற்றும் பொய்க் குரலும் ஒரே குறியைத் தாங்கக்கூடும். குறி உண்மையைத் தெரிவிக்கலாம். நன்மை தீமையைப் பிரித்தறிவது வேறு பணியாகும்.

செய்யத்தக்கவை

இந்தியாவில் தங்கத்துக்கே ஹால்மார்க் முத்திரை இடப்படுகிறது. பித்தளையில் ‘இது தங்கமன்று’ எனப் பொறிப்பதில்லை. 2021 முதல் ஒவ்வொரு நகைக்கும் 6 எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாளம் அளிக்கப்பட்டு வருகிறது; வாங்குபவர் அதனை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம். இதே நெறியைப் பொது நிறுவனங்களின் அறிவிப்புகளுக்கும் கையாளலாம். தேவஸ்தானத்தின் பெயரில் இயங்கும் போலி இணையத்தளங்கள் குறித்துத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் பலமுறை எச்சரித்துள்ளது. தரிசனச் சீட்டுக்காகச் சேமித்த பணத்தை வெளியூர்ப் பக்தர் இழப்பது சிறு தீங்கன்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், வானிலைத் துறை, கோயில் நிர்வாகம் முதலியவை தம் அறிவிப்பு ஒவ்வொன்றையும் சரிபார்க்கத்தக்க எண்ணுடன் வெளியிட்டு, அதன் பதிவைத் தம் காவலில் வைத்திருப்பின், பொய்யானவை தாமே வெளிப்படும். படம் எடுக்கும் கருவியிலேயே தோற்றத் தகவலைக் கையொப்பமிட்டுப் பதியும் பொதுத் தரமொன்றை உருவாக்க, 2021இல் பன்னாட்டு நிறுவனங்கள் சேர்ந்து ‘சி2பிஏ’ என்னும் கூட்டமைப்பை நிறுவியுள்ளன.

கலப்பு ஆக்கங்களுக்குப் பகுதிவாரிக் குறியே பொருத்தமானது. ‘வரைபடம் கருவியின் துணையால், வண்ணம் கையால்’ என்றோ, ‘மூலம் மனிதர் எழுதியது, மொழிபெயர்ப்பு கருவியால் செய்து மனிதரால் திருத்தப்பட்டது’ என்றோ கூறுவது வாங்குபவருக்கும் ஆக்கியோருக்கும் பயன்படும். கைவினைஞர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் கூட்டுறவுச் சங்கங்கள் தம் உறுப்பினரின் ஆக்கங்களுக்கான பதிவேட்டைப் பேணவும், பொய்க் குறியை எதிர்த்து வழக்காடவும் அரசு நிதியுதவியும் சட்ட உதவியும் அளித்தல் வேண்டும். தனிமனிதரால் தாங்கவியலாத சுமையைச் சங்கம் தாங்க இயலும்.

செப்பேடுகள் ஏறக்குறைய 400 ஆண்டுகள் ஓர் அறையில் அடைபட்டிருந்தும் தம் சான்றை இழக்கவில்லை. பொறித்தவர் யார், காத்தவர் யார் என்பது தெளிவாக இருந்தமையே அதற்குக் காரணம். மின்னணு ஆக்கங்களுக்கு இடப்படும் குறியும், அதனை இட்டவர் யார், பொய்யெனில் பொறுப்பேற்பவர் யார் என்னும் இரு வினாக்களுக்கு விடையளிக்குமாயின் மக்களின் நம்பிக்கையைப் பெறும். விதிகளை நடைமுறைப்படுத்தும் அலுவலர்கள் இவ்விரு வினாக்களையும் ஒவ்வொரு நேர்விலும் எழுப்புதல் இன்றியமையாததாகும்.