முதல் அழைப்பு இரவு எட்டு மணிக்கு மேல்

2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகளை மூடினார்கள். அந்த ஆண்டு பிளஸ் டூ முடித்துப் பொறியியல் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கல்லூரி என்றால் செல்போன் திரைதான். புதிதாகச் சேரும் இருபது பேருக்கு ஓர் ஆசிரியர் வழிகாட்டி என்பது ஏஐசிடிஇ அறிமுகப் பயிற்சியில் சொல்லும் கணக்கு. என் இருபது பேரும் பெயர்ப் பட்டியலாகத்தான் என்னிடம் வந்தார்கள். வகுப்புகள் மறுபடி ஆன்லைனுக்குப் போய், அப்படியொரு பட்டியல் உங்கள் கைக்கு வந்தால், வாட்ஸ்அப் குரூப்பைப் பிறகு தொடங்கலாம். முதலில் ஒவ்வொருவரையும் தனியாக அழையுங்கள்.

"ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் "இல்ல சார்" என்றுதான் வரும். "இந்த போன் யாரோடது தம்பி? பகல்ல யார்கிட்ட இருக்கும்?" என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரம் காலை வகுப்புக்கே வராத ஒருவனை இரவு எட்டரைக்கு அழைத்தேன். போன் அவன் அப்பாவுடையது. அவர் விடியற்காலையில் லோடு ஏற்றப் போகிறவர். அதட்டியிருந்தால் அவனை இழந்திருப்பேன். வகுப்புகளைப் பதிவு செய்து அனுப்ப ஏற்பாடு செய்தோம், படித்துவிட்டான். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது பெரிய உதவி. ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே போன் உள்ள வீட்டின் சிக்கல் டேட்டாவால் தீராது.

கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒற்றை அறை வீட்டை வகுப்பு முழுவதற்கும் காட்ட எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

மாணவிகளிடம், வகுப்பு நேரத்தில் வீட்டில் என்ன வேலை சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு மாணவியின் அம்மாவிடம், "ஒன்பதுல இருந்து ஒரு மணி வரைக்கும் பொண்ணு காலேஜ்ல இருக்குன்னே நினைச்சுக்குங்கம்மா" என்றேன். மறுநாளிலிருந்து பாதி வகுப்பில் அவள் எழுந்து போகவில்லை.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களில் பலர் எல்லார் முன்னும் மைக்கைத் திறக்கத் தயங்குவார்கள். சந்தேகத்தைத் தமிழிலேயே வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். இன்டர்னல் மார்க் எப்படிப் போடுகிறார்கள், அரியர் விழுந்தால் எப்போது எழுதலாம் என்பதெல்லாம் விடுதியில் சீனியர்கள் சொல்லித் தெரிவது. விடுதியே இல்லாதபோது நீங்கள்தான் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்களாகப் பார்த்து நான்கு பேருக்கு ஒரு சீனியரைச் சேர்த்துவிடுங்கள்; உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார்கள்.

இரண்டு முறை போன் எடுக்காதவரை அந்த வாரமே மூன்றாம் முறையும் அழையுங்கள். கட்டணம் கட்ட வழியில்லாமல் நின்றுவிட நினைப்பவர்கள் பேச்சைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். கவுன்சிலிங்கில் வந்தவர் என்றால், கட்டணச் சலுகைக்காகக் குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கான சான்றிதழைக் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று, போனை வைக்கும் முன்பே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.