உளறலா, வாதமா?

"ராத்திரியிலேருந்து சம்பந்தமில்லாம பேசுறாங்க சிஸ்டர்" என்றார் மகன். அந்தம்மாவுக்குக் கை, கால் அசைந்தன; வாய் கோணவில்லை; பேச்சும் தடையில்லாமல் ஓடியது. கேஸ் ஷீட்டில் 'மனக்குழப்பம்' என்று எழுதினார் பணியிலிருந்த செவிலியர். மருத்துவர் வந்து பேனாவைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். இரண்டுமே அவருக்குப் புரியவில்லை. ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் வாதம் தாக்கியிருந்தது.

சொல்லின் பொருளை உணரும் பகுதி பழுதானால், பேச்சு சரளமாக ஓடியும் அர்த்தமற்றுப் போகும் என்று ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1874-லேயே விளக்கியிருக்கிறார்.

அந்தச் செவிலியர் இன்று, வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறார். "குழப்பம்னு எழுதாதீங்க, கண்டதை எழுதுங்க." பெயர் கேட்டதற்கு என்ன சொன்னார், காட்டிய பொருளை அடையாளம் கண்டாரா, சொன்னதைச் செய்தாரா? கூடவே விரல் நுனியில் சுகர். அது வெகுவாகக் குறைந்தாலும் வாதம் போலவே தோன்றும்.

நேரம் கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "எப்போ பார்த்தீங்க?" என்றால், "காலையில ஆறு மணிக்கு" என்பார்கள். "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இரவு பத்து மணிக்குப் படுத்தவர், நாலு மணிக்கு எழுந்து நன்றாகப் பேசியதை வீட்டில் யாராவது பார்த்திருந்தால் கணக்கே மாறிவிடும்.

நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதினால் போதாது. பேச்சிழந்தவர் நல்ல நினைவோடு இருந்தாலும் பேச்சுக்கான மதிப்பெண் குறையும். அதனால் கண், பேச்சு, அசைவு மூன்றையும் தனித்தனியே குறிக்கச் சொல்கிறார். விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை ஒரு வாய் காபிகூடக் கூடாது. பாசத்தில் ஊட்டுவது நுரையீரலுக்குள் போய்விடும்.

சில வாரங்கள் கழித்து வருவது வேறு சிக்கல். வாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரை மனச்சோர்வு பிடிக்கிறது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பவரை, "தொந்தரவே தராதவர்" என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இந்தச் செவிலியர் உறவினர் வெளியே போகும் நேரம் பார்த்து அருகில் உட்காருகிறார். தூக்கம், சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டு, "வாழவே வேண்டாம்னு தோணுதாய்யா?" என்று நேராகவே கேட்கிறார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சொல்வது புரிந்தும் பேச வராதவர் என்றால், ஆமாம் என்பதற்குக் கையை ஒருமுறை அழுத்தச் சொல்கிறார். வாதம் தாக்காத கையை.