பைப் அறுக்க எந்த மெஷின்?

மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது வாட்ஸும் விலையும்தான். அதற்கு முன் பைப்பைப் பாருங்கள். அதைப் பட்டறைக்கு எடுத்து வர முடியுமா, இருந்த இடத்திலேயே வெட்டியாக வேண்டுமா? இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, பிளாஸ்டிக்கா? பக்கத்தில் தீப்பொறி விழலாமா?

ஆங்கிள் கிரைண்டர்
விலை குறைவு, எந்த இடுக்கிலும் நுழையும். ஆபத்து அதிகம் இருப்பதும் இதில்தான். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். வெட்டில் வீல் சிக்கினால் மெஷின் கையை மீறி எகிறும். உடைந்தால் துண்டுகள் முகத்துக்கே பறந்து வரும். கார்டைக் கழற்றவே கூடாது. மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டவே கூடாது. வீலின் நடுவளையத்தில் காலாவதித் தேதி இருக்கும், பார்த்து மாட்டுங்கள்.

14 அங்குல கட்-ஆஃப் மெஷின்
பைப்பை வைஸ் பிடித்துக்கொள்வதால் கை வீலை விட்டுத் தள்ளியே இருக்கும். ஒரே அளவில் நிறையத் துண்டுகள் போட இது வசதி. தீப்பொறி வாரி இறைக்கும். பின்பக்கம் பெயின்ட், தின்னர், சாக்கு எதுவும் இருக்கக் கூடாது.

போர்ட்டபிள் பேண்ட் சா
நிதானமாக அறுக்கும், தீப்பொறி மிகக் குறைவு, வெட்டு நேராக வரும். பொருத்திய பைப்புக்கும் ஏற்றது. ஆனால் பைப்பைச் சுற்றி மெஷின் நுழைய இடம் வேண்டும்; பெரிய மாடல்களும் பெரும்பாலும் 5 அங்குல பைப் வரைதான்.

ரெசிப்ரோகேட்டிங் சா
சுவரை ஒட்டிய பைப்புக்கு இது. முன்னால் உள்ள தாங்கியைப் பைப்போடு அழுத்திப் பிடிக்காவிட்டால் மெஷின் உதறும். மெல்லிய உலோகப் பைப்புக்கு அங்குலத்துக்கு 18 முதல் 24 பல் உள்ள பிளேடு போடுங்கள். வெட்டு அவ்வளவு நேராக வராது.

சுற்றி வெட்டும் பைப் சா
பின்லாந்தின் எக்ஸாக்ட் நிறுவனம் செய்வது போன்றவை. பைப்பை ரோலர் தாங்கிகளில் வைத்து, பிளேடை உள்ளே இறக்கி, மெஷினையே பைப்பைச் சுற்றி உருட்ட வேண்டும். வெட்டு செங்குத்தாக வருவதால் வெல்டிங்குக்கு அருமை. இரும்புக்குக் கார்பைடு பிளேடு, வார்ப்பிரும்புக்கு டைமண்ட் பிளேடு.

எதில் வெட்டினாலும்
வெட்டு விழும்போது இடைவெளி விரிய வேண்டும், மூடக் கூடாது. இரண்டு முனையில் மட்டும் முட்டுக் கொடுத்தால் பைப் நடுவில் தொய்ந்து பிளேடை நெரிக்கும். வெட்டுமிடத்துக்கு அருகிலேயே இறுக்கிப் பிடித்து, வெட்டுப்படும் துண்டைத் தானாக விழ விடுங்கள். எண்ணெயோ எரிவாயுவோ ஓடிய பைப்பில் வீல் வைக்காதீர்கள். காலியான பைப்பிலும் ஆவி தங்கியிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பைப்பில் எந்தப் பவர் மெஷினும் கூடாது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பிவிசி பைப் வீல் சூட்டில் உருகும், அதற்குப் பல் உள்ள பிளேடுதான். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி கூடாது.

பட்டறைக்குக் கட்-ஆஃப் மெஷின், வெல்டிங் மூட்டுகளுக்குப் பைப் சா, சுவரோரத்துக்கு ரெசிப்ரோகேட்டிங் சா. பிளம்பர் ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும் என்றால் பேண்ட் சாவை வாங்கட்டும். கிரைண்டரை, வேறு எதுவும் நுழையாத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.