கிண்ணமும் கைத்தாளமும்

வேதபாடம்: 1 கொரிந்தியர் 13:1



நம்முடைய ஆராதனையில் கைத்தாளம் ஒலிக்காத நாள் உண்டா? டிரம் செட்டில் மாட்டியிருக்கும் தட்டை வாலிபப் பிள்ளைகள் 'சிம்பல்' என்கிறார்கள். அந்தப் பெயர் எங்கேயிருந்து வந்தது தெரியுமா?

கிரேக்கத்தில் கைத்தாளத்துக்குக் 'கிம்பலோன்' என்று பெயர். அது 'கிம்பே' என்ற சொல்லிலிருந்து வந்தது. கிம்பே என்றால் கிண்ணம், குழிவான பாத்திரம். தாளத்தைத் திருப்பிப் பாருங்கள், நடுவிலே குழிந்து கிண்ணம் போலத்தானே இருக்கிறது! இந்தச் சொல்லே லத்தீன் வழியாய் ஆங்கிலத்துக்குப் போய் 'சிம்பல்' ஆயிற்று.

அன்பில்லாமல் அந்நியபாஷை பேசுகிறவனுக்குப் பவுல் இந்தக் கிம்பலோனையே உவமையாகச் சொல்லுகிறார். கூடவே 'அலலாஸோன்' என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார். உரத்த சத்தமிடுகிறது என்று அர்த்தம். யவீருவின் வீட்டில் ஓலமிட்டவர்களைக் குறித்தும் மாற்கு 5:38-ல் இதே வினைச்சொல் வருகிறது. கொரிந்து பட்டணமோ வெண்கலத்துக்குப் பேர்போனது. கேட்டவர்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும்!

அப்படியானால் கைத்தாளம் வேண்டாமா? அப்படியல்ல! ஏமான், ஆசாப், ஏத்தான் வெண்கலத் தாளம் தட்டித்தான் பாடினார்கள் (1 நாளாகமம் 15:19). சங்கீதம் 150:5-ன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இதே கிம்பலோன். அலலாஸோனின் வேரிலே பிறந்த 'ஆர்ப்பரிப்பு' என்ற சொல்லும் அங்கே உண்டு. சங்கீதத்தில் அது துதி, கொரிந்தியரில் வெறும் சத்தம். கருவி ஒன்றுதான், தட்டுகிறவன் இருதயம்தான் வேறே.

என் சாட்சியைச் சொல்லுகிறேன். வீட்டுமனை விஷயமாய் என் சொந்த அண்ணனோடு ஏழு மாதம் நான் பேசவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் தாளம் தட்டினேன், அந்நியபாஷையும் பேசினேன். ஒரு ராத்திரி பழைய வேதாகமக் கல்லூரி நோட்டைப் புரட்டினபோது, 'கிம்பே = கிண்ணம்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. "ஆண்டவரே, உள்ளே ஒன்றுமில்லாத கிண்ணம் நான்தானா?" என்று அழுதேன். விடிந்ததும் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அண்ணி திறந்தாங்க. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. "தம்பிக்குக் காப்பி கொடு" என்று மட்டும் அண்ணியிடம் சொன்னார். எனக்கு அது போதுமாயிருந்தது.

தேவபிள்ளையே, வருகிற ஞாயிறு தாளத்தைக் கையில் எடுக்குமுன், நீ யாரோடே பேசாமலிருக்கிறாய் என்று யோசித்துப்பார். முதலாவது அந்த வீட்டுக்குப் போ (மத்தேயு 5:23, 24). பிறகு வந்து தட்டு, பரலோகம் கேட்கும்!

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.