குடத்துள் விளக்கும் குன்றின்மேல் விளக்கும்

நுழையும்முன்

நாள்தோறும் காணொலிகளைக் காண்கிறோம், பகிர்கிறோம், நம்மில் சிலர் உருவாக்கவும் செய்கிறோம். ஆயினும், இணையத்தில் ஏற்றப்படும் காணொலிகள் யாவும் தேடுவோர் கண்ணில் படுவதில்லை. எது தேடலில் கிடைக்கிறது, எது மறைந்துபோகிறது, அதில் நம் தமிழ்ச்சொற்களுக்கு உள்ள பங்கு யாது என்பனவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மானாமதுரை மண்ணுக்குத் தனிப்பெருமை ஒன்று உண்டு. இசையரங்குகளில் ஒலிக்கும் கடம் அவ்வூரில் உருவாகிறது. பார்வைக்கு அது பானைதான். ஆனால், சோறாக்கும் பானையைவிடத் தடித்த சுவரை உடையது. சுற்றிலும் ஒரே அளவான தடிமன் அமையும்வரை பலகையால் தட்டித் தட்டி உருவாக்கப்படுவது. சூளையில் சுட்டு எடுத்தபின், சுருதி சேர்கிறதா எனச் சோதித்த பிறகே கலைஞரின் மடிக்குச் செல்வது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய பள்ளியின் மாணவர் நால்வர், கடம் செய்யும் முதியவர் ஒருவரின் ஒப்புதலைப் பெற்று, மண் பிசைவது முதல் சூளை பிரிப்பது வரை அவருடைய வேலையைக் கைப்பேசியில் படமாக்கினர். முதியவர் தம் தொழிற்சொற்களைத் தயக்கமின்றிப் பேசியிருந்தார். அவருடைய பெயரன், கடங்களை விற்பதற்கென்று சிறிய இணையதளம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். காணொலியைப் பார்ப்பவர்கள் அத்தளத்திற்கும் வருவார்கள் என்பது மாணவர்களின் எண்ணம். இணையத்தில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தனர். வீட்டாரும் நண்பர்களும் பார்த்தனர். அதற்குமேல் ஒருவரும் வரவில்லை.

"நன்றாகத்தானே எடுத்திருக்கிறோம், ஐயா?" என்று அவர்கள் கேட்டபோது நானும் அக்காணொலியைத் தேடிப் பார்த்தேன். 'கடம் செய்யும் முறை' என்று தேடினேன், கிடைக்கவில்லை. 'மானாமதுரைக் கடம்' என்று தேடினேன், அப்போதும் கிடைக்கவில்லை. பின்னர்த்தான் காரணம் விளங்கியது. காணொலியின் தலைப்பு, 'புராஜெக்ட் ஃபைனல் 2' என ஆங்கில எழுத்துகளில் இருந்தது. விவரக்குறிப்புக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. கடம் என்னும் சொல் எழுத்துவடிவில் எங்குமே இல்லை. கணினியில் கோப்புக்குப் பெயரிடுவதுபோலவே காணொலிக்கும் பெயரிட்டிருந்தார்கள். பதிவேற்றும் நாளில் உடனிருந்த எனக்கும் அது தவறாகத் தோன்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குடத்தைப் பற்றிய காணொலி, குடத்துள் இட்ட விளக்காயிற்று.

தேடுபொறியின் கண்

தேடுபொறி என்பது நாம் கேட்ட நொடியில் உலகெங்கும் ஓடித் தேடிக்கொண்டுவரும் ஏவலன் அன்று. அது முன்னரே தேடிவைத்திருக்கிறது. அதன் நிரல்கள் ஓர் இணையப்பக்கத்திலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புகளின் வழியே ஓயாது ஊர்ந்து செல்கின்றன. சென்ற இடத்தில் உள்ள சொற்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று மாபெரும் அட்டவணை ஒன்றில் குறித்துக்கொள்கின்றன. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போன்றது அவ்வட்டவணை. நாம் ஒரு சொல்லை உள்ளிடும்போது, தேடுபொறி அவ்வட்டவணையைத்தான் புரட்டுகிறது. பொருந்தும் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால், எதை முதலில் காட்டுவது என்று தரவரிசைப்படுத்துகிறது.

அவ்வரிசையை அமைக்க லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகியோர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது கண்ட வழி எளிமையானது. ஒரு பக்கத்திற்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை நற்சான்றுகளாகக் கொள்ளலாம். நற்சான்று தருபவரின் தகுதிக்கேற்ப அதன் மதிப்பும் உயரும். இக்கருத்தின் மேல் 1998 ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் எழுந்தது. இன்று இணைப்புகளோடு வேறு பல கூறுகளும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. எனினும், அடிப்படை மாறவில்லை. படிக்கத்தக்க சொல் இருக்கவேண்டும். பிறர் சுட்டிக்காட்டவும் வேண்டும்.

காணொலிக்குள்ள இடர்ப்பாடு இங்குத்தான் தொடங்குகிறது. கட்டுரை சொற்களால் ஆனது. ஆகவே, தேடுபொறி அதனை நேரே படித்துவிடும். காணொலி, ஒளியாலும் ஒலியாலும் ஆனது. படங்களை இனங்காணவும் பேச்சை எழுத்தாக்கவும் எந்திரங்கள் இப்போது கற்றுவருகின்றன. ஆயினும், வட்டார வழக்கிலும் தொழிற்சொற்களிலும் அவை இடறுகின்றன. எனவே, காணொலியைச் சுற்றி நாம் எழுதும் சொற்களே அதனை அறிவதற்குத் தேடுபொறி பெரிதும் நம்பும் சான்றுகளாகும்.

காணொலித்தளத்தின் வளர்ச்சி

சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம் ஆகிய மூவர் 2005 ஆம் ஆண்டு யூடியூப் தளத்தைத் தொடங்கினர். அவ்வாண்டு ஏப்ரல் 23 அன்று அதில் முதல் காணொலி ஏற்றப்பட்டது. சான் டியாகோ உயிரியல் பூங்காவில் யானைகளின் முன் நின்று ஜாவேத் கரீம் பேசும் 19 நொடிக் காட்சி அது. மறு ஆண்டே கூகுள் நிறுவனம் 165 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் அத்தளத்தை வாங்கியது.

அவ்விலையைவிடவும் நமக்கு முதன்மையானது 2007 ஆம் ஆண்டு நிகழ்ந்த மாற்றம். அதுவரை, கூகுளில் தேடுவோருக்கு இணையப்பக்கங்களின் பட்டியலே பெரிதும் கிடைத்தது. படங்களையும் காணொலிகளையும் அவற்றுக்குரிய தனிப்பிரிவில் தேடவேண்டும். அவ்வாண்டு மே மாதம் முதல் பக்கங்களும் படங்களும் செய்திகளும் காணொலிகளும் ஒரே விடைப்பட்டியலில் கலந்துவரத் தொடங்கின. பெரிய நிறுவனங்களின் பக்கங்களோடு போட்டியிட இயலாத சிறிய தளமும், நல்ல காணொலி ஒன்றின் வாயிலாக முதற்பக்கத்தில் இடம்பெறலாம் என்னும் நிலை உருவாயிற்று.

தலைப்பும் தமிழும்

யூடியூப் தளத்தில் தலைப்புக்கு 100 எழுத்துருக்கள் வரையிலும் விவரக்குறிப்புக்கு 5000 எழுத்துருக்கள் வரையிலும் இடமுண்டு. நம்மவர்கள் பலர் முதலாவதை அலங்காரத்திற்கும் இரண்டாவதை வெறுமைக்கும் ஒதுக்கிவிடுகின்றனர். குறிச்சொற்களை அடுக்கினால் போதும் என்று எண்ணுவோரும் உண்டு. அவற்றின் பயன் மிகச்சிறிது என்று அத்தளமே தன் வழிகாட்டுதலில் கூறுகிறது.

தலைப்பு எழுதுவது ஒருவகையில் மொழிப்பயிற்சியே. தேடுபவர் எந்தச் சொல்லைக் கொண்டு தேடுவார் என்று அவரிடத்தில் நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். 'மண்ணின் மைந்தர்கள்' என்பது கேட்பதற்கு இனியது. ஆனால், கடம் வாங்க விரும்பும் எவரும் அத்தொடரைத் தேடமாட்டார். 'மானாமதுரைக் கடம் செய்யும் முறை: மண் முதல் சுருதி வரை' என்பதில் ஊர் உள்ளது; பொருள் உள்ளது; செயல் உள்ளது.

எழுத்துப்பிழைக்கும் இங்கு விலை உண்டு. 'சூளை' என்பதைச் 'சூலை' என்று எழுதினால் அது நோயின் பெயராகிவிடும். சிறு பிழைகளைத் தேடுபொறி ஓரளவு திருத்திக்கொள்ளும். இரண்டுமே தமிழில் வழங்கும் சொற்களாக இருக்கும்போது அது எதைத் திருத்தும்? ல, ள, ழ வேறுபாட்டைத் தேர்வுக்காக மட்டுமே கற்பதாகக் கருதும் மாணவர்கள் இதனை எண்ணிப்பார்க்கலாம்.

இதனினும் பெரிய இழப்பு வேறொன்று. தமிழில் பேசி எடுக்கப்பட்ட காணொலிக்கு ஆங்கில எழுத்துகளில் மட்டும் பெயரிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. ஆங்கிலத் தலைப்பு வேண்டா என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டு இசைமாணவருக்கு அது துணைபுரியும். ஆனால், தமிழ்ச்சொல் ஓரிடத்திலேனும் தமிழெழுத்தில் இருக்கவேண்டும். இல்லையெனில், தமிழில் தேடுபவருக்குத் தமிழ்க்காணொலி கிடைப்பது அரிதாகும்.

தெரிந்து தெளிவோம்

இத்தகைய இழப்பை நாம் முன்பே ஒருமுறை கண்டிருக்கிறோம். இணையத்தின் தொடக்கக்காலத்தில் தமிழ்த்தளங்கள் வெவ்வேறு எழுத்துருக் குறியாக்கங்களைக் கையாண்டன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றின. ஒரு குறியாக்கத்தில் தேடினால் மற்றொன்றில் எழுதியது கிட்டாது. 1991 ஆம் ஆண்டு வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், பொதுப்பயன்பாட்டுக்கு வர நெடுநாள் ஆயிற்று. 2010 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்குமுன் எழுதப்பட்டு, ஒருங்குறிக்கு மாற்றப்படாமல் போன பக்கங்கள் தேடலுக்கு எட்டாதவையாகவே நின்றுவிட்டன.

பேச்சை எழுத்தாக்குதல்

கடக் காணொலிக்குப் புதிய தலைப்பிட்டபின் மாணவர்கள் மேற்கொண்ட கடினமான பணி, முதியவரின் பேச்சு முழுவதையும் எழுத்தாக்கியது. ஒரு வார மாலைப்பொழுதுகள் அதற்குச் செலவாயின. முதியவர் கூறிய சில தொழிற்சொற்கள் அவர்களுக்குப் புரியவில்லை. மீண்டும் அவரிடம் சென்று கேட்டு எழுதினர். என் கருத்தில், காணொலி எடுத்ததைவிட இதுவே பெரிய செயல். அகராதியில் தேடினாலும் எளிதில் கிடைக்காத சொற்கள் அவை.

அவ்வெழுத்துப்படி இருவகையில் பயன்பட்டது. காணொலியின்கீழ் ஓடும் வரிகளாக அமைந்து, செவித்திறன் குறைந்தோருக்கும் ஒலியை எழுப்ப இயலாத இடத்தில் காண்போருக்கும் துணைசெய்தது. பெயரனின் இணையதளத்தில் காணொலிக்குக்கீழே கட்டுரைபோல அமைந்து, தேடுபொறி படிப்பதற்குரிய சொற்களையும் தந்தது. விவரக்குறிப்பில், மண் பிசைதல், வனைதல், தட்டுதல், சுடுதல் ஆகியவை எந்த நிமிடத்தில் தொடங்குகின்றன என்பதையும் 0:00 முதல் வரிசையாகக் குறித்தனர். அவ்வாறு குறித்தால் காணொலி தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து தோன்றும்; வேண்டிய பகுதிக்கு நேரே செல்லலாம்.

காணொலியிலிருந்து தளத்திற்கு

காணொலியைப் பல்லாயிரவர் பார்த்தாலும் அவர்கள் அங்கேயே நின்றுவிட்டால் இணையதளத்திற்குப் பயனில்லை. விவரக்குறிப்பின் முதல் வரியிலேயே தளத்தின் முகவரியைத் தருவது ஒரு வழி. இங்கு ஒரு நுட்பத்தை அறியவேண்டும். யூடியூப் விவரக்குறிப்பில் நாமே இடும் இணைப்பைத் தேடுபொறி நற்சான்றாகக் கொள்வதில்லை. அவ்வாறு கொள்ளவேண்டா என்னும் குறிப்பு அவ்விணைப்பிலேயே பொதிந்துள்ளது. தன்னைத் தானே புகழ்வதற்கு அவையில் மதிப்பில்லை அன்றோ? அவ்விணைப்பு மனிதர்களை அழைத்துவரும். தரவரிசையை நேரடியாக உயர்த்தாது. பிறர் விரும்பித் தம் பக்கங்களில் தரும் இணைப்பே உயர்த்தும்.

இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்தது. அங்குள்ள பிளெண்ட்டெக் என்பது மின்னரைப்பான் செய்யும் நிறுவனம். அதனை நிறுவிய டாம் டிக்சன், அரைப்பானின் வலிமையைச் சோதிக்க அதில் மரத்துண்டுகளைப் போட்டு அரைப்பது வழக்கம். தொழிற்கூடத் தரையில் கிடந்த மரத்தூளைக் கண்ட விற்பனைப்பிரிவு அலுவலர் ஜார்ஜ் ரைட், இச்சோதனையை ஏன் ஊரறியச் செய்யக்கூடாது என்று எண்ணினார். 2006 ஆம் ஆண்டு, 'இது அரைபடுமா?' என்னும் பொருள்படும் தலைப்பில் சிறுசிறு காணொலிகள் வெளிவந்தன. கோலிக்குண்டுகள் அரைபட்டன. மறு ஆண்டு, அப்போதுதான் விற்பனைக்கு வந்த ஐபோனும் அரைபட்டது. செலவு மிகச்சிறிது. பார்த்தவர்கள் பேசினர், எழுதினர், இணைப்பும் தந்தனர். அதுவரை பலர் அறியாத ஒரு நிறுவனத்தின் பெயர் உலகெங்கும் பரவியது. பொருள்களை வீணாக்குவது எனக்கு உவப்பன்று. எனினும், அக்காணொலிகள் பரவியதற்குக் காரணம் வேடிக்கை மட்டுமன்று. அரைப்பான் உண்மையிலேயே வலியது என்பதைக் கண்முன் மெய்ப்பித்தன.

தம் தளத்திலேயே காணொலியை வைப்போர் கருத்தில் கொள்ளவேண்டிய மாற்றம் ஒன்றும் உண்டு. 2023 ஆம் ஆண்டு முதல், காணொலியே முதன்மையாக அமைந்த பக்கங்களுக்கு மட்டுமே கூகுள் தன் விடைப்பட்டியலில் காணொலிக்குரிய சிறுபடத்தைக் காட்டுகிறது. நீண்ட பக்கத்தின் அடியில், விலைப்பட்டியலுக்குக்கீழே ஒட்டிவைத்த காணொலிக்கு அவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை. எனவே, காணொலிக்கென்று தனிப்பக்கம் அமைப்பதே தக்கது.

பொய்த்தலைப்பின் வாழ்நாள்

ஒரு காலத்தில் எத்தனைபேர் சொடுக்கினர் என்பதே யூடியூப் பரிந்துரையின் முதன்மை அளவுகோலாக இருந்தது. அதனால், உள்ளே இல்லாததை வெளியே காட்டும் தலைப்புகளும் சிறுபடங்களும் மலிந்தன. 2012 ஆம் ஆண்டு அத்தளம், எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதற்கு முதன்மை தரத் தொடங்கியது. ஏமாந்தவர் சில நொடிகளில் வெளியேறிவிடுவார். அவ்வெளியேற்றமே காணொலிக்கு எதிரான சான்றாகிவிடும். பார்வைகளை விலைகொடுத்து வாங்குவதும் அத்தளத்தின் விதிகளுக்கு மாறானது. இவை இன்றும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை என்பதை நாம் அறிவோம்.

மாணவர்களின் காணொலி பெரும்புகழ் பெற்றுவிடவில்லை. ஆனால், 'கடம் செய்யும் முறை' என்று தேடியபோது அது தென்பட்டது. சில மாதங்கள் கழித்து, வேற்றூர் இசையாசிரியர் ஒருவர் பெயரனின் இணையதளம் வழியாகக் கேள்வி ஒன்றை அனுப்பியிருந்தார். பெண்குரலுக்கு ஏற்ற சுருதியில் கடம் கிடைக்குமா என்பது அக்கேள்வி. தளத்தில் அதற்கு விடையில்லை. சுருதிக்கேற்பக் கடத்தின் அளவும் சுவரின் தடிமனும் எவ்வாறு மாறும் என்பதை அம்மாணவர்கள் கேட்டிருக்கவேயில்லை. மறுநாள் பள்ளி முடிந்ததும் நால்வரும் கைப்பேசியோடு மீண்டும் முதியவர் வீட்டுக்குப் புறப்பட்டனர்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரின் கைத்தொழில் ஒன்றைப் பற்றிய காணொலிக்குத் தலைப்பும் பத்து வரிகளில் விவரக்குறிப்பும் எழுதுக. நீங்கள் தேர்ந்த ஒவ்வொரு சொல்லையும் யார், எதற்காகத் தேடுவார் என்று வகுப்பில் விளக்குக.

தொழில் செய்யும் ஒருவரிடம் உரையாடி, அவர் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டி, அவற்றை இணையத்தில் தேடிப் பார்த்துக் கிடைத்தவற்றையும் கிடைக்காதவற்றையும் தொகுக்க.

'குடத்துள் இட்ட விளக்கு', 'குன்றின்மேல் இட்ட விளக்கு' ஆகிய உவமைத்தொடர்களைச் சொற்றொடரில் அமைத்து எழுதுக.