மூன்று அளவு சொன்னால் போதுமா?

சிங்கப்பெருமாள் கோவிலில் மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். பலருடைய பெற்றோர் ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளிலும் உதிரி பாகக் கம்பெனிகளிலும் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். ஒரு காரின் கதவு அதே மாடலின் இன்னொரு காருக்கும் கச்சிதமாகப் பொருந்தும் என்பது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் சர்வசமம் என்றால் என்ன என்று விளக்க நேரமாவதில்லை. முக்கோணங்களின் சர்வசம விதிகளை ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செ-க-ப (ப பக்கம், கோ கோணம், செ செங்கோணம், க கர்ணம்) என்று கடகடவென ஒப்பிக்கவும் செய்வார்கள். எந்தக் கணக்குக்கு எது என்று கேட்டால்தான் விழிப்பார்கள். எனக்குக் கைகொடுத்த வழிகள் இவை.

விதியைக் கடைசியில் சொல்லுங்கள். இருவரை முதுகுக்கு முதுகாக உட்கார வையுங்கள். ஒருவர் முக்கோணம் வரைந்து அளவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். மற்றவர் அதைக் கேட்டே வரைந்து வெட்டட்டும். ஆறு அளவும் வேண்டாம், சரியான மூன்று போதும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பொருந்தாததையும் காட்டுங்கள். கரும்பலகைக்கான பெரிய மூலைமட்டத்துக்கும் கணிதக் கருவிப் பெட்டியில் இருக்கும் அதே வகைச் சின்ன மூலைமட்டத்துக்கும் கோணங்கள் மூன்றும் ஒன்றே, அளவு வேறு. கோ-கோ-கோ ஏன் விதியாகாது என்பது அதிலேயே புரிந்துவிடும். அடுத்து, 8 செ.மீ. கோடு வரைந்து அதன் ஒரு முனையில் 30 டிகிரிக்குக் கதிர் வரையச் சொல்லுங்கள். மறுமுனையிலிருந்து 5 செ.மீ. ஆரத்தில் வில் போட்டால் அது கதிரை இரண்டு இடத்தில் வெட்டும். ஒரே அளவுகளுக்கு இரண்டு முக்கோணங்கள்! ப-கோ-ப விதியில் கோணம் ஏன் இரு பக்கங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று அதன்பிறகு யாரும் மறப்பதில்லை.

வெட்டிய தாளைத் திருப்பிப் போட்டும் பொருத்தச் சொல்லுங்கள். "அப்போ இடது கதவை வலது பக்கம் மாட்டலாமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. தட்டையான முக்கோணத்தைப் புரட்டிப் போடலாம். வளைவும் உள்பக்கமும் உள்ள கதவை அப்படிப் புரட்டி மாட்ட முடியாது.

பொருந்தும் முனைகளுக்கு ஒரே நிறம் பூசிய பிறகே ஏபிசி ≅ பிக்யூஆர் என்று எழுத வையுங்கள். எழுத்து வரிசை மாறினால் விடையும் மாறிவிடும்.

ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பது விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட்டே தம் 'எலிமெண்ட்ஸ்' நூலின் முதல் புத்தகத்தில், 4-ஆம் தேற்றத்தில் ப-கோ-ப விதியை அப்படித்தான் நிறுவினார். ஆனால் கத்தரிக்கோலோடு நிறுத்திவிடவும் கூடாது. தாளில் ஒரு மில்லிமீட்டர் பிசகும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணம் எழுதப் பழக்குங்கள். தேர்வில் மதிப்பெண்ணும் அதற்குத்தான்.