ஏழாம் மாதமும் எழுத்துப் பாடமும்

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். ஆறு வயது மகளுக்கும் நான்கு வயது மகனுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லித்தருகிறேன். மதியத்துக்குமேல் உட்காரவே முடியவில்லை. படிப்பு கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. இந்த வயதுக்கு ஒரு மணி நேரப் பாடமே தாராளம், காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியம் பாயில் இடப்பக்கமாகப் படுத்துக்கொண்டு மகளை வாசிக்கச் சொல்லுங்கள். வயிற்றுப் பாப்பாவுக்கு இப்போது காது கேட்கும் என்று சொன்னால் போதும், குரலை உயர்த்தியே வாசிப்பாள். சின்னவன் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவிக்கட்டும். (மூக்கில் போட்டுக்கொள்வான், ஒரு கண் இருக்கட்டும்!) இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் காபி, டீயோடு விழுங்காதீர்கள், சத்து சரியாகச் சேராது. பிரசவமானதும் பாடத்துக்கு இரண்டு மாதம் லீவு விடுங்கள். பரீட்சைக் கவலை இப்போதே எதற்கு? 14 வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பே எழுதலாம்.